பட்டறையில் பிறந்த மெஷினுக்குப் பேட்டன்ட்டா, டிசைனா, ரகசியமா?

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் நண்பர் ஒருவர், அறுவடை முடிந்த கையோடு ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் ஒரு இரும்பு ட்ரம். அதைச் சுற்றிலும் கட்டைவிரல் தடிமனில் ரப்பர் முளைகள். மிளகுச் சரத்திலிருந்து மணியை உதிர்க்கும் மெஷினின் உள்பாகம் அது.

"அழுத்திப் பாருங்க" என்றார். அழுத்தினேன். முளை உள்ளே போனது, விட்டதும் வெளியே வந்தது. ஒவ்வொரு முளைக்கு அடியிலும் பால்பாயின்ட் பேனாவில் இருக்குமே, அப்படி ஒரு ஸ்பிரிங். தடித்த சரம் வந்தால் முளை பின்வாங்கிக்கொள்ளும், மணி நசுங்காது. சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து மூன்று சீசனாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாராம். "இதுக்குப் பேட்டன்ட் எடுக்கலாமாண்ணா, இல்ல டிசைன் போதுமா? இல்ல பேசாம செஞ்சு வித்துட்டுப் போயிடலாமா?"

இதே கேள்வியைச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் கேட்டார். ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வைத்திருப்பவர் ஒருவரும் கேட்டார். மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். பேட்டன்ட் மனு, அதாவது கண்டுபிடிப்பைப் பிறர் நகல் எடுக்காமல் தடுக்க அரசு தரும் உரிமைக்கான மனு, எழுதுவதுதான் என் பிழைப்பு என்றாலும், வருகிறவர்களில் பலரை வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

கட்டணத்தை முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி, சட்டம் இதை உள்ளே விடுமா என்பது. கெட்டிக்காரத்தனமான யோசனை எல்லாம் கண்டுபிடிப்பு ஆகிவிடாது. இரண்டாவது, பொருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் உங்கள் சூட்சுமம் வெளியே தெரிந்துவிடுமா? மூன்றாவதுதான் பலருக்குத் தோன்றுவதே இல்லை: பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரே ஒரு நட்டை மாற்றிப் போட்டு அதையே செய்தால், நீங்கள் வாங்கிய காகிதம் அவரைத் தடுக்குமா? இதற்கு விடை அரசு தரும் சான்றிதழில் கிடையாது. நாளைக்கு ஒரு நீதிபதி உங்கள் வாக்கியத்தை எப்படிப் படிப்பார் என்பதில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் பணம், வருஷம், சண்டை எந்த ஊரில் நடக்கும் என்பதெல்லாம்.

## பேட்டன்ட்

வாசல். 1970-ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு "இதெல்லாம் கிடையாது" என்று ஒரு நீளமான பட்டியல் போடுகிறது. நம் பக்கத்து ஆட்கள் இடறி விழுவது அதில் நாலைந்து இடங்களில்தான்.

விவசாய முறை, தோட்டக்கலை முறை எதற்கும் பேட்டன்ட் கிடையாது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை எப்படி ஏற்றினால் அதிகம் காய்க்கும் என்று நண்பர் கண்டுபிடித்திருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. அறுத்த மிளகை உதிர்க்கும் மெஷினுக்கு அந்தத் தடை இல்லை. பரம்பரையாக வந்த அறிவுக்கும் கிடையாது. பாட்டி சொன்ன கஷாயத்தைப் பொடியாக்கி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறுமனே கலந்த கலவை, அதில் ஒவ்வொரு சரக்கின் குணமும் தனித்தனியாகவே நிற்கிறது என்றால் அதுவும் வெளியே.

பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது (எஃப்) உட்பிரிவு. தெரிந்த சாதனங்களை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல. ஒரே ஃபிரேமில் உதிர்க்கும் ட்ரம், கீழே சல்லடை, பக்கத்தில் தூசி ஊதும் ஃபேன் என்று மாட்டிவிட்டு "மூன்று மெஷின் ஒன்றில்" என்று வருவார்கள். விற்பனைக்கு அது நல்ல சரக்கு. பேட்டன்ட்டுக்கு உதவாது. ஃபேன் காற்று படுவதால் சல்லடையின் வேலையே மாறுகிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் பேச இடம் உண்டு.

(டி) உட்பிரிவு என்றாலே 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்குப் பேட்டன்ட் மறுத்ததுதான் எல்லோருக்கும் நினைவு வரும். தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால் அதன் குணமளிக்கும் திறன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்பது அந்த வழக்கு. ஆனால் அதே உட்பிரிவின் வாலில் இன்னொன்றும் இருக்கிறது: தெரிந்த இயந்திரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. நிலக்கடலை உரிக்கும் மெஷினில் மிளகைப் போட்டுப் பார்த்தேன், அருமையாக வந்தது என்றால் சந்தோஷம், அவ்வளவுதான்.

மொபைல் ஆப் செய்கிறவர்களுக்கு (கே) உட்பிரிவு: கம்ப்யூட்டர் புரோகிராம் வெறும் புரோகிராமாக இருந்தால் கிடையாது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்பதற்காகவே தள்ளிவிடக் கூடாது, அதனால் தொழில்நுட்ப ரீதியில் என்ன பலன் என்று பார்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்னது. இணையத்தில் அமெரிக்க வழக்கறிஞர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு ஆலிஸ் தீர்ப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே "வெறும் கருத்தா, அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா" என்று நீதிமன்றமே வளர்த்தெடுத்த சோதனை. இங்கே சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. அந்தச் சட்டையை இங்கே மாட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

பட்டறை மேம்பாடு என்ற குழி. பட்டியலைத் தாண்டி வந்தாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. இந்த ஊரில் எவர்சில்வர் பாத்திரத்தை லேத்தில் பாலிஷ் போடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கு. சுழலும் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டுக்கு ஒரு நிறுவனம் 1951-இல் பேட்டன்ட் வாங்கியது. பழைய முறையில் பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைத் தாக்கும். புதிய ஏற்பாட்டில் அந்த ஆபத்து இல்லை, வேலையும் வேகம். நல்ல யோசனைதான். ஆனால் லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கால் தாங்கிப் பிடிப்பது லேத் ஓட்டுகிறவனுக்குப் புதிதா? உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் இல்லை என்றது. தெரிந்த ஒன்றின் மேல் செய்யும் மேம்பாடு, வெறும் பட்டறை மேம்பாட்டைவிடக் கூடுதலாக ஏதாவது இருந்தால்தான் பேட்டன்ட்டுக்குத் தகும் என்று சொல்லி அதை ரத்து செய்தது.

1951, 1978 என்ற இரண்டு ஆண்டுகளையும் இன்னொரு முறை பாருங்கள். தனி நீதிபதி ரத்து செய்தார், மேல்முறையீட்டில் பேட்டன்ட் உயிர் பெற்றது, உச்ச நீதிமன்றத்தில் மறுபடி செத்தது. பேட்டன்ட் கொடுத்ததாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என்று சட்டமே சொல்கிறது. வழக்குப் போட்டால் எதிராளி முதலில் கேட்பது "உன் பேட்டன்ட்டே செல்லுமா" என்பதுதான்.

ஒரு வாக்கியத்தை நீதிபதி எப்படிப் படிக்கிறார். பேட்டன்ட் ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் உரிமைக் கோரலைத் தொழிலில் கிளெய்ம் என்போம். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிற மாதிரி. மேற்கே இன்னார் நிலம், வடக்கே ஓடை. உள்ளே எத்தனை தென்னை இருந்தாலும் எல்லைக்கு வெளியே ஒரு அடி உங்களுக்குச் சொந்தமில்லை.

அந்த எல்லையைப் படிப்பதற்கும் முறை உண்டு. முதலில் விளக்கத்தைப் படித்து மனத்தைத் தயார் செய்துகொண்டு, அப்புறம்தான் கிளெய்முக்கு வர வேண்டும் என்று மேலே சொன்ன பாத்திர வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்கிறது. சொல்லை அகராதி பிடித்துப் படிப்பதா, நோக்கத்தைப் பிடித்துப் படிப்பதா என்பது பழைய சண்டை. இங்கிலாந்தில் கேட்னிக் வழக்கு என்று ஒன்று. கதவு, ஜன்னலுக்கு மேல் வைக்கும் இரும்பு லின்டல் பற்றியது. பின்பக்கத் தகடு "செங்குத்தாக" நிற்கும் என்று கிளெய்மில் எழுதியிருந்தார்கள். போட்டியாளர் அதை 6 டிகிரி சாய்த்துச் செய்தார். தாங்கும் திறனில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. கட்டடத் தொழிலில் இருப்பவர் "செங்குத்து" என்றால் துளி பிசகாத 90 டிகிரியைத்தான் எழுதியவர் கேட்கிறார் என்று நினைப்பாரா? மாட்டார் என்றது அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. மீறல்தான் என்று தீர்ப்பு. இந்தியாவிலும் டெல்லி உயர் நீதிமன்றம் ராஜ் பிரகாஷ் வழக்கில், சாரம் அப்படியே இருந்தால் அற்ப மாற்றங்கள் எதிராளியைக் காப்பாற்றாது என்றது.

இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். நம் ஓசூர்க்காரர்களின் கதையும் இருக்கிறது. இரண்டு ஸ்பார்க் பிளக் என்ஜினுக்கு பஜாஜ் பேட்டன்ட் வைத்திருந்தது. கிளெய்மில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, 45 முதல் 70 மி.மீ. வரை சிலிண்டர் துளையின் விட்டம் என்றெல்லாம் எழுதியிருந்தது. டிவிஎஸ் தன் ஃபிளேம் பைக்கில் இரண்டு பிளக் வைத்தது, ஆனால் வால்வு மூன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2008-இல் தனி நீதிபதி சாரத்தைப் பார்த்து டிவிஎஸ்ஸுக்குத் தடை போட்டார். 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அதே கிளெய்ம், அதே நீதிமன்றம், ஒரு வருட இடைவெளியில் இரண்டு முடிவு. உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளின் விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள் என்று அறிவுறுத்தியது. ஆட்களும் பணமும் உள்ள பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி.

நானே ஒருமுறை கெடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மெஷினுக்குக் கிளெய்ம் எழுதும்போது, படத்தில் இருந்தபடியே "நான்கு கால்கள் கொண்ட தாங்கி" என்று எழுதிவிட்டேன். இரண்டு வருடத்தில் மூன்று கால் வைத்த நகல் சந்தைக்கு வந்தது. காலுக்கும் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எழுதியது நான். சாரத்தைப் பாருங்கள் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான், வாதாடிப் பார்க்க அவரிடம் பணம் இல்லை.

நண்பரின் ட்ரம்முக்கு வருகிறேன். "மிளகுச் சரத்திலிருந்து மணியைப் பிரிக்கும் சாதனம்" என்று எழுதினால் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் எல்லா மெஷினும் அதற்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட கிளெய்ம் புதுமை இல்லாமல் செத்துப்போகும். "14 மி.மீ. இடைவெளியில் 36 ரப்பர் முளைகள்" என்று எழுதினால் உடனே கிடைக்கும், ஆனால் 34 முளை வைப்பவரைத் தொட முடியாது. நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: சரத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒவ்வொரு முளையும் தனித்தனியே பின்வாங்கித் திரும்பும்படி ட்ரம்மில் பொருத்தப்பட்டிருப்பது. எண்ணிக்கை இல்லை, அளவு இல்லை, வேலை இருக்கிறது. பேட்டன்ட் எடுப்பதா வேண்டாமா என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: பழையது எதையும் விழுங்காமல், பக்கத்துக்காரருக்குச் சந்தும் விடாமல் அப்படி ஒரு வாக்கியம் எழுத வருகிறதா? வரவில்லை என்றால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

செலவு. அரசுக் கட்டணம் பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் மனுவுக்கு ரூ.1,600, பரிசீலனைக்கு ரூ.4,000. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்பு: முதலில் ஆண்டுக்கு ரூ.800, போகப் போக ஏறிக் கடைசி ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.8,000. இருபது வருடமும் உயிரோடு வைத்திருந்தால் புதுப்பிப்பு மட்டும் மொத்தம் ரூ.76,800. எழுதிக் கொடுப்பவரின் கூலி இதற்கு மேல்.

மறைந்திருக்கும் செலவு வேறு. மனு கொடுத்த 18 மாதத்தில் உங்கள் சூட்சுமம் முழுவதும் படத்தோடு வெளியாகிவிடும். பேட்டன்ட் கடைசியில் கிடைக்காமல் போனாலும் வெளியானது வெளியானதுதான். கிடைக்கும்வரை வழக்கும் போட முடியாது. பேட்டன்ட் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும்.

வழக்கு எங்கே என்பது இன்னொன்று. மீறல் வழக்கைச் சேலம் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடங்கலாம். ஆனால் எதிராளி "இந்தப் பேட்டன்ட்டை ரத்து செய்யுங்கள்" என்று எதிர்மனு போட்ட நிமிடம் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். விவரம் தெரிந்த எதிராளி அதைத்தான் செய்வார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை ரயில் டிக்கெட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## டிசைன் பதிவு

கொலுசுக்காரருக்கு நான் சொன்னது இது. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டம் கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மட்டும் காக்கும்: வடிவம், வரிவேலை, அலங்காரம். வேலை செய்யும் விதத்தை அது தொடாது, வெறும் இயந்திர அமைப்பு டிசைனே ஆகாது என்று சட்டம் ஒதுக்கிவிடுகிறது. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ரூ.1,000. பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. கிளெய்ம் வாக்கியத்தைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண் என்ன சொல்கிறது என்பதுதான் சோதனை.

குறை இரண்டு. நஷ்ட ஈட்டை இரண்டு விதமாகக் கேட்கலாம். சுலபமான வழியில் ஒரு டிசைனுக்கு மொத்தமே ரூ.50,000-க்கு மேல் வராது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தடையாணையும் நஷ்டக் கணக்குமாக முழு வழக்கு நடத்த வேண்டும். இரண்டாவது, பதிவுக்கு முன்பே வெளியான டிசைன் செல்லாது. புது மாடல் வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, ஆர்டர் குவிந்த பிறகு பதிவுக்கு வருகிறார்கள். நகல் எடுத்தவர் அந்த ஸ்டேட்டஸையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீதிமன்றத்தில் நீட்டுவார்.

தீபாவளிக்குத் தீபாவளி மாடல் மாறும் சரக்குக்கு எல்லா மாடலையும் பதிய வேண்டியதில்லை. ஓடும் என்று கை சொல்லும் இரண்டு மூன்றைக் கடைக்கு அனுப்பும் முன் பதிந்தால் போதும்.

## ரகசியம்

சேகோ ஃபேக்டரிக்காரரின் சூட்சுமம், கிழங்குப் பால் தொட்டியில் படியும் நேரத்தைக் குறைக்கும் ஒரு முறை. ஜவ்வரிசியை வாங்கிக் கடித்துப் பார்த்தாலும், லேபுக்கு அனுப்பினாலும் அது தெரியாது. இதைப் பேட்டன்ட்டில் எழுதிப் போட்டால், ஊரில் உள்ள அத்தனை ஃபேக்டரியும் படித்துவிட்டுத் தங்கள் மதில் சுவருக்குள் செய்துகொள்ளும். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அவருக்கு ரகசியம்தான் சரி.

ஆனால் இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவரை கையில் இருப்பது ஒப்பந்தமும் நம்பிக்கை மீறல் வாதமும்தான். பத்து வருடம் இருந்த மேஸ்திரி அடுத்த ஃபேக்டரிக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போனால் கூடவே முறையும் போகும். ஆகவே கலக்கும் ஆள் ஒருவர், அளவு தெரிந்தவர் வேறொருவர் என்று பிரித்து வைப்பது காகிதத்தைவிடப் பலமான காவல்.

இன்னொரு பொறி: "கொஞ்ச நாள் ரகசியமா ஓட்டிட்டு, யாராவது மோப்பம் பிடிச்சா பேட்டன்ட் போட்டுக்கலாம்" என்று நினைப்பது. மனு தேதிக்கு முன்பே இந்தியாவில் ரகசியமாகப் பயன்படுத்தியிருந்தால், அதையே காரணம் காட்டிப் பேட்டன்ட்டை ரத்து செய்யக் கேட்கலாம். சோதனைக்காக மட்டும் செய்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு.

பிரித்தால் தெரியும் பொருளுக்கு ரகசியம் என்ற பேச்சே இல்லை. நண்பரின் ட்ரம்மை ஒரு ஸ்பேனர் வைத்துப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

## ஒன்றும் பதியாமல் முந்தி விற்பது

கேவலமான வழி இல்லை இது. ஃபிரேமில் மூன்று மெஷினை மாட்டியவருக்கு இதைத்தான் சொன்னேன். ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ், ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப்போய் ரிப்பேர் செய்து தரும் ஆள்: இதையெல்லாம் நகல் எடுக்கக் கூடுதல் நாளாகும். பெயரை மட்டும் டிரேட்மார்க்காகப் பதிந்து வையுங்கள்.

| | பேட்டன்ட் | டிசைன் | ரகசியம் | முந்தி விற்பது |
|---|---|---|---|---|
| எதைக் காக்கும் | வேலை செய்யும் விதம் | கண்ணுக்குத் தெரியும் உருவம் | வெளியே தெரியாத முறை | பெயரும் வாடிக்கையும் |
| எத்தனை வருடம் | மனு தேதியிலிருந்து 20 | 10 + 5 | வாய் மூடியிருக்கும்வரை | சந்தை விடும்வரை |
| சின்ன மாற்றம் செய்தால் | கிளெய்ம் வாக்கியத்தைப் பொறுத்தது | கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால் போச்சு | பொருந்தாது | தடுக்க முடியாது |
| பெரிய ஆபத்து | சூட்சுமம் வெளியாகி, பேட்டன்ட்டும் ரத்தாவது | முன்பே வெளியிட்டது | வேலையாள் மாறுவது | பெரிய முதலாளி வருவது |
| யாருக்கு | பிரித்தால் தெரியும், ஆனால் புதிதான பொறி | கொலுசு, பாத்திரம் | சேகோ, கலவை, பதம் | சேர்த்து மாட்டியவை |

அட்டவணையில் அடங்காத ஒன்று: இவற்றைச் சேர்த்தும் எடுக்கலாம். நண்பர் அப்படித்தான் செய்தார். ஸ்பிரிங் முளைக்குத் தற்காலிக மனு ஒன்று போட்டோம். அதில் தேதி நின்றுவிடும், முழு மனுவுக்குப் பன்னிரண்டு மாத அவகாசம். மிளகை உதிர்த்தபின் உலர்த்துவதில் அவர் வைத்திருக்கும் ஒரு பக்குவத்தை மனுவில் மூச்சுவிடவில்லை. மெஷினின் வெளிக்கூடு வழக்கமான தகரப் பெட்டி, அதற்கு டிசைன் எதற்கு?

தற்காலிக மனுவைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு தடவை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "ரப்பர் முளை" என்று வந்த இடத்தில் நிறுத்தி, "சிலிகான் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ட்ரம்மை உருட்டிக்கொண்டே இருந்தார். "சிலிகான் இன்னும் நல்லா இருக்கும்ணா. வெலதான் ஜாஸ்தி." ரப்பரை அடித்துவிட்டு "நெகிழும் முளை" என்று எழுதினேன். அப்புறம் அவரே கேட்டார்: "ஸ்பிரிங்குன்னு போட்டிருக்கீங்களே, அதுக்குப் பதிலா ஒருத்தன் ஸ்பான்ஜ் வச்சா?"